குருவி முத்திரை

அரிவாள் செடியில் விழுவதற்கு முன்பே அக்கா கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க. இந்த வேலியில கை வைக்கக் கூடாது."

குழி தோண்டுபவர் அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "வேலியை வெட்டாம எப்படிம்மா தோண்டறது? உங்க தம்பி காட்டின இடம் இதுதான். மழைக்கு முன்னாடி ஒரு நாள் தடி ஊனிக்கிட்டு வந்தாரு. அந்தக் கல்லுக்குப் பக்கத்துல எனக்கு இடம் விடுன்னாரு. இப்ப என்ன அவசரம்னு நான்கூடக் கேலி பண்ணினேன்."

கல்லறைத் தோட்டத்தின் அந்தப் பகுதி அக்காவின் குடும்பத்துடையது. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா என்று வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஓரத்தில், ஆள் உயரத்துக்கு வளர்ந்த குரோட்டன் செடிகளுக்குப் பின்னால் இன்னொரு கல் இருந்தது. அந்தச் செடிகளை நட்டவள் அக்காதான். அழகுக்காக நட்டதல்ல.

கல்லில் ஒரு பெண்ணின் பெயரும், அவள் இறந்த வருஷமும், அதற்குக் கீழே ஒரு குருவியும் வெட்டப்பட்டிருந்தன. தலையைத் திருப்பித் தன் வாலைப் பார்க்கும் குருவி. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்ற வரி இல்லை. அந்தப் பெயரில் குடும்பத்தில் யாரும் இருந்ததில்லை. வீட்டில் அவளைக் 'கல்லுக்காரி' என்பார்கள். அதுவும் பிள்ளைகள் தூங்கிய பிறகு.

குருவிதான் சிக்கல். அது அவர்களுடைய முத்திரை. தராசு செய்யும் குடும்பம் அது. கடைப் பலகையில் குருவி, பழைய பித்தளைத் தராசுகளின் தண்டில் குருவி, இப்போது தம்பி மகள் சரிபார்த்துக் கொடுக்கும் மின் தராசுகளில் ஒட்டும் வில்லையிலும் குருவி. தராசுக்காரன் தன் முத்திரையைத் தன்னுடையதில் மட்டும்தான் அடிப்பான். தாத்தா தன் மனைவியின் கல்லில் அதை வெட்டவில்லை. தன் கல்லிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரோ ஒருத்தியின் கல்லில் மட்டும் வெட்டி வைத்தார் என்றால் தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். பாட்டி கடைசி வரை அந்த மூலைப் பக்கம் திரும்பியதில்லை என்று சித்தப்பா சொல்வார்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு," என்றார் சித்தப்பா மகன். ஊரில் அவருக்கு வக்கீல் என்று பெயர். கோர்ட்டு வாசலை மிதித்தவரல்ல. எதற்கும் வாதாடுவார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். "இன்னிக்கு ஊரே திரண்டு வரும். என் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. வேலியை எடுத்தா கல்லு பளிச்சுன்னு தெரியும். இது யாருன்னு ஒருத்தர் கேட்டா என்ன சொல்றது? எங்க தாத்தாவோட சின்ன வீடுன்னு சொல்லட்டுமா?"

"வாயைக் கழுவு."

"நான் கழுவறேன். ஊர் வாயை யார் கழுவறது? கடப்பாரையோட ரெண்டு ஆளை வரச் சொல்றேன். கல்லைப் பிடுங்கிப் பின்சுவருக்கு அந்தாண்ட போட்டுடலாம். அப்புறம் அண்ணனை இங்கயே வைக்கலாம். அவரு ஆசையும் நிறைவேறும், நம்ம மானமும் நிக்கும்."

"கல்லுக்குப் பக்கத்துலன்னுதானே, சித்தப்பா, அப்பா கேட்டாரு?" என்றாள் தம்பி மகள். முந்தின நாள் காலை தகப்பன் கண்ணை மூடியதிலிருந்து அவள் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது. "கல்லைத் தூக்கிட்டா அப்புறம் எதுக்குப் பக்கத்துல?"

அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "அத்தை, ரெண்டு வருஷமா அப்பா இந்தம்மா யாருன்னு தேடிக்கிட்டிருந்தாரு. உங்ககிட்டச் சொல்லணும்னு எத்தனை தடவை வந்தாரு. நீங்கதான்..."

"நான்தான் கேட்கல. கேட்கவும் மாட்டேன். தோண்டத் தோண்ட நம்ம வீட்டு நாத்தம்தான் வெளியே வரும்." அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "ஆளைக் கூப்பிடு. நாலு பேர் வர்றதுக்கு முன்னாடி முடிச்சிடு."

ஊரில் அவளை முள்ளக்கா என்பார்கள். தராசின் முள் போல அவள் நேராக நிற்பாள், ஆள் பார்த்துச் சாயமாட்டாள். அந்தப் பட்டறையில் அரம் பிடித்த முதல் பெண் அவள். பொம்பளை தொட்ட தராசு நிக்குமா என்று சித்தப்பா நாலு பேர் முன்னால் கேட்டபோது அவளுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தான் செய்த தராசை மேசையில் வைத்தாள். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி ஒரு தட்டில் போட்டாள். முள் நகர்ந்தது. சித்தப்பா வெற்றிலை துப்பும் சாக்கில் எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அக்காவும் கல்யாணம், பிள்ளைகுட்டி என்று பட்டறையை விட்டுப் போகவில்லை.

வீட்டில் தம்பியைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தாடையைக் கட்டிய துணி சற்றுக் கோணலாக இருந்தது. அக்கா குனிந்து அதைச் சரிசெய்தாள். தம்பி மனைவி காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"இடம் பார்த்தாச்சா அண்ணி?"

"பார்த்தாச்சு."

"அவர் கேட்ட இடம்தானே?"

"அவன் கேட்ட இடம்தான்," என்றாள் அக்கா. அது பொய்யில்லை. ஆனாலும் அங்கே உட்கார முடியவில்லை. நாலு பேர் நடுவில் அழுதும் அவளுக்குப் பழக்கமில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அப்போதுதான் தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. கடைசி இரவுக்கு முந்தின சாயங்காலம், வாயில் விட்ட தண்ணீரை விழுங்கிவிட்டு, "தராசைத் தொடச்சு வை, அக்கா" என்றான். புத்தி பட்டறைக்குத் திரும்பிவிட்டது என்று நினைத்து "சரிடா" என்றிருந்தாள். சரி என்று சொன்ன வேலையை அவள் விட்டுவைத்ததில்லை.

தராசு அவன் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. எங்கிருந்தோ அதை அவன் தூக்கிக்கொண்டு வந்த அன்று, "பேரீச்சம்பழத்துக்குப் போடற சாமானை எதுக்குடா வீட்டுக்குள்ள கொண்டாறே?" என்று அவள் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே சாக்கை மூடிவிட்டான்.

பின்கட்டு மேசையில் அதை வைத்து, ஈரத்துணியில் சாம்பலைத் தொட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். கறுப்பு நகர்ந்தது. சின்னத் தராசு. மருந்து நிறுக்கும் வகை. தண்டை ஏந்தியதும் கைக்கு ஒரு மரியாதை வந்தது. இரண்டு பக்கமும் அரம் ஓடிய வாட்டம் ஒன்றுபோல் இருந்தது. இதைச் செய்தவர் அவசரப்பட்டதில்லை. தண்டின் நடுவில் குருவி வெளிப்பட்டது. நம்ம வீட்டு வேலைதான், தாத்தா கையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள். பெருமையாக இருந்தது.

"அட, குருவி இப்படி மின்னுதே! எங்க கடையில இருந்தவரைக்கும் ஒரு நாளும் மின்னினதில்ல."

துக்கம் கேட்க வந்த பழைய மருந்துக்கடைக்காரர் கைகால் கழுவப் பின்கட்டுக்கு வந்திருந்தார்.

"இது உங்க கடையுதா?"

"எங்க தாத்தா வாங்கினது. உங்க தம்பி இதைத் தேடி ஏறாத கடை இல்லை. வயசானவங்க இருக்கற வீடாப் பார்த்துக் கதவைத் தட்டினாராம், இந்தப் பேருல ஒரு அம்மாவைத் தெரியுமான்னு. பேரைச் சொன்னா எங்களுக்கு எங்க தெரியும்? குருவின்னதும்தான் புரிஞ்சுது. எங்க தாத்தா அவங்களைத் தராசுக்காரம்மான்னுதான் சொல்வாரு. ஒத்தை ஆளா வந்து பட்டறை போட்டவங்க. ஆம்பளைங்களே அவங்க முன்னாடி அளந்துதான் பேசுவாங்களாம். உங்க தாத்தா அவங்ககிட்டத் துருத்தி ஊதத்தானே முதல்ல வந்தாரு? தாய் தகப்பன் இல்லாத பிள்ளைன்னு கூடவே வெச்சு வளர்த்தாங்களாமே."

"எங்க தாத்தா யார்கிட்டயும் கைகட்டி நின்னு கத்துக்கிட்டவரில்ல." அது தானாக வந்தது. குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியில் யாராவது சொல்லும் வாக்கியம். அதிகம் சொன்னவர் சித்தப்பா. தாத்தா சொல்லிக் கேட்டவர்கள் யாரென்று அக்கா இதுவரை யோசித்ததில்லை.

"எங்க தாத்தா சொன்னதை நான் சொன்னேன். தப்பா எடுத்துக்காதீங்க," என்று அவர் கூடத்துக்குப் போய்விட்டார்.

வாய்ப்பேச்சை அக்கா நம்புகிறவள் அல்ல. எடை போட்டுப் பார்க்கிறவள். மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு தண்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தராசு சரியாக இருக்கிறதென்று அரசாங்கத்து ஆள் வருஷம் போட்டு அடிக்கும் சோதனை முத்திரைகள் ஓரமாக வரிசை கட்டி நின்றன. அவற்றைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனாள். கடைசியில் எஞ்சியது, எல்லாவற்றுக்கும் பழையது, குருவியை ஒட்டி இருந்தது. அந்த வருஷத்தில் தாத்தாவுக்கு ஐந்து வயது.

அந்த முத்திரையின் ஓரம் குருவியின் வாலை மிதித்துக்கொண்டு நின்றது. வாலின் கோடு அதற்கு அடியில் ஓடி மறைந்தது. குருவிதான் முதலில் விழுந்திருக்கிறது.

அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

குருவி நம்முடையது இல்லை. அந்த எண்ணம் நெஞ்சில் இறங்கும்போது கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. கடைப் பலகை, வில்லைகள், இத்தனை கல்யாணப் பந்திகள். ஒரு நிமிஷம் எல்லாம் கடன் வாங்கிக் கட்டிய நகை போலத் தோன்றியது. பிறகு தாத்தாவின் மொட்டைக் கல் கண்முன் வந்தது. தனக்கு வேண்டாம் என்று ஏன் சொன்னார் என்பது இப்போது தெரிந்தது. அவர் அவளை உரிமை கொண்டாடவில்லை. செய்தவருடைய முத்திரையைச் செய்தவருக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். தன் தாய்க்குச் செய்வது போல, தன் இடத்திலேயே நிலம் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் அந்தக் குருவியை அலங்காரம் என்று நினைத்துவிட்டுப் போயிருக்கும். தராசுக்காரர்களாகப் பிறந்தவர்களுக்குத்தான் அதில் அசிங்கம் தெரிந்தது.

பட்டறையில் அரம் பிடித்த முதல் பெண் தான் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அக்காவின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அம்மாடி!" என்று தம்பி மகளைக் கூப்பிட்டாள். "வண்டியை எடு. கல்லைப் பிடுங்கிடப் போறாங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வேலி பாதி விழுந்திருந்தது. ஒருவன் கல்லின் அடியில் கடப்பாரையை நுழைத்திருந்தான்.

"எடுடா அதை!"

பட்டறையில் நாற்பது பேரை மிரட்டிய குரல். கடப்பாரை தானாக வெளியே வந்தது. வக்கீல் ஓடிவந்தார். அக்கா தராசை அவர் கையில் கொடுத்து, பூதக்கண்ணாடியையும் கொடுத்தாள். "பாரு. வருஷத்தைப் படி."

படித்தார். முகம் மாறியது. ஆனால் பெயர் வக்கீலாயிற்றே. "இதுல என்ன இருக்கு? பின்னாடி ரிப்பேருக்கு வந்தப்ப தாத்தா அடிச்சிருக்கலாமே?"

"அடுத்தவன் தராசுல நம்ம முத்திரையை அடிக்கிற வீடாடா இது?"

"இல்லதான்... இருந்தாலும்..."

"வாலைப் பாரு. எது மேல எது நிக்குது?"

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தராசை இரண்டு கையாலும் ஏந்தி, கீழே வைக்க மனமில்லாதவர் போல நின்றார். "அப்போ கடைப் பலகையில இருக்கிறது?"

"அப்படியே இருக்கும். கீழே இந்த அம்மா பேரை எழுதணும். அம்மாடி, நீ எழுதுவியா?"

"அப்பா அதைத்தான் அத்தை சொல்ல வந்தாரு," என்றாள் அவள். குரல் உடைந்தது. அக்கா அவள் தோளைப் பிடித்தாள்.

"மிச்ச வேலியையும் வெட்டுங்க," என்றாள் குழி தோண்டுபவரிடம். "ஒரு குச்சிகூட நிக்கக் கூடாது."

"காலையில கை வைக்காதேன்னீங்க?"

"காலையில சொன்னேன். இப்ப இதைச் சொல்றேன்."

வெயில் சாயத் தொடங்கியபோது தம்பியைக் கொண்டுவந்தார்கள். கடைவீதியில் பாதி பேர் வந்திருந்தார்கள். தம்பி மனைவி குழியின் ஓரத்தில் நின்று, பக்கத்தில் இருந்த கல்லைப் பார்த்து, அக்காவைப் பார்த்தாள். தலையை மட்டும் அசைத்தாள். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அக்கா போட்ட பிடியில் மண் உள்ளங்கையிலேயே கொஞ்சம் தங்கிவிட்டது. அவள் கையைத் தட்டவில்லை.

கூட்டம் கலையும் நேரத்தில் வக்கீலின் சம்பந்தி வரிசையாகக் கல்லைப் படித்துக்கொண்டே வந்தவர், மூலையில் நின்றார். "இது யாரு? உங்க வீட்டுப் பேரா தெரியலையே?"

வக்கீல் இருமினார்.

"எங்க தாத்தாவை வளர்த்துத் தொழில் குடுத்தவங்க," என்றாள் அக்கா. நாலு பேருக்குக் கேட்கும்படிதான் சொன்னாள். "குருவி இவங்களுது. நாங்க வெச்சிருக்கோம்."

"அப்படியா? உங்க தாத்தா தானாவே கத்துக்கிட்டவருன்னு இவர் என் மகள் கல்யாணத்துல சொன்னாரே?"

"இல்லைங்க. நல்ல இடத்துல கத்துக்கிட்டாரு."

சம்பந்தி ஒரு நிமிஷம் கல்லையே பார்த்தார். பிறகு காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

எல்லாரும் வாசல் பக்கம் நடந்த பிறகும் தம்பி மகள் நின்றாள். "அப்பா கல்லுல குருவி வெட்டச் சொல்லவா அத்தை?"

"வேண்டாம். பேர் போதும்."

அக்கா அந்தக் கல்லின் முன் குனிந்தாள். ஒரு கையைத் தம்பியின் ஈர மண்ணில் ஊன்றிக்கொண்டாள். வேலிக்குள் இருந்த காலமெல்லாம் குருவியின் கண்ணில் மண் அடைந்து கெட்டியாகியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் அதைக் கிளறி எடுத்தாள். ஊதினாள். தலையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, புதிய தராசில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தாள். வால் பக்கம் இன்னும் கொஞ்சம் மண் இருந்தது.