நெற்றியில் ஒட்டிய பேர்

சோணையம்மாளுக்கு மிச்சமிருந்ததே ஒரு கண். இடது கண்ணை என்றைக்கோ ஒரு கருவேல முள் வாங்கிக்கொண்டது. வலது கண்ணிலும் புரை விழுந்து, மிளகாய் வத்தலில் சோடை எது, நல்லது எது என்றே தெரியாமல் போகவும், பக்கத்து வீட்டுப் பூமயிலோடு முதுகுளத்தூரில் பஸ் ஏறி இராமநாதபுரம் கண் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். பூமயிலுக்கும் வலது கண்ணில்தான் புரை.

ஆபரேஷன் அன்று நர்ஸ் ஃபஸீலா இருவர் நெற்றியிலும் ஆளுக்கொரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டினாள். அதில் பேரும், கண்ணுக்குள் வைக்கப்போகும் லென்ஸின் பவரும் இருந்தன. "தொடக்கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மங்களா இவர்கள்? அவள் அந்தப்பக்கம் போனதும் பூமயில் முந்தியில் முடிந்திருந்த குலசாமி திருநீற்றை அவிழ்த்தாள்.

"பூச இடமில்லையேடி, சோணை."

"பிச்சிட்டுப் பூசு. திருப்பி ஒட்டிக்கிருவோம்."

ஒருத்திக்கொருத்தி பூசிவிட்டு, அதன்மேலேயே துண்டையும் ஒட்டி மறைத்தார்கள். எந்தத் துண்டு யாருடையது என்று பார்க்க அங்கே கண் ஏது?

சோணையம்மாள் மேஜையில் படுத்தாள். டாக்டர் நெற்றித் துண்டையும் லென்ஸ் டப்பாவையும் மனசுக்குள் படித்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்தன. ஆனாலும் அவர் ஆரம்பிக்கவில்லை. ஃபஸீலா குனிந்தாள்.

"அம்மா, உங்க பேரச் சொல்லுங்க."

"நெத்தியில ஒட்டுனது நீதானத்தா?"

"அது இருக்கட்டும். நீங்க வாயால சொன்னாத்தான் டாக்டர் கைய வைப்பாரு."

"நல்ல ஆஸ்பத்திரிடா சாமி! சோணையம்மா."

"யா அல்லாஹ்! இதுல பூமயில்னு இருக்கு" என்றாள் ஃபஸீலா.

"அவங்க லென்ஸ் உங்களுக்குச் சேராதும்மா" என்றார் டாக்டர். "வச்சிருந்தா எல்லாம் கலங்கலாத்தான் தெரியும். மறுபடி கண்ணத் தொறந்து மாத்தணும்."

இருக்கிற ஒற்றைக் கண்ணையும், பாவி, தானே கெடுத்துக்கொள்ளப் பார்த்தாளே! சோணையம்மாள் திருநீற்றுக் கதையை அப்படியே ஒப்புவித்தாள். ஃபஸீலா திட்டித் தீர்த்துவிட்டு, கேஸ் ஷீட்டைப் பார்த்து இருவருக்கும் புதுத் துண்டு ஒட்டி, லென்ஸையும் மாற்றினாள். இரண்டாம் தடவை யாரும் கேட்பதற்கு முன்பே சோணையம்மாள் பேர், ஊர், வலது கண் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். ஃபஸீலாவின் முக்காட்டில் இருந்த பொடிப் பூக்கூடத் தெரிந்தது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது சோணையம்மாளுக்கு. கண்ணை மெல்ல ஓட்டி வார்டையெல்லாம் பார்த்தாள். கடைசிக் கட்டிலில் பூமயில் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு முந்தி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏடி பூமயிலு!" என்று இங்கிருந்தே கத்தினாள் சோணையம்மாள். "முடிஞ்சு வைடி அத! எனக்கு எல்லாம் தெரியுதுடி!"