யார் பக்கத்துக் கோளாறு

டாக்டரம்மா அந்தப் படத்தை மேஜைமேல் வைத்தபோது ஷகிலா படத்தைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதமாக அவள் பிழைப்பே இந்தச் சோதனையின் முடிவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மகன் கவுஸ் பாஷாவுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. முகச்சாயலும் வீட்டில் யாரையும் கொள்ளவில்லை. பிறவிக் கோளாறு, தாய் தகப்பன் பிள்ளை மூவர் ரத்தத்தையும் மெட்ராஸில் சோதிக்க வேண்டும் என்று தர்மபுரி டாக்டர் சொல்லி அனுப்பினார். மாமியார் ரஹமத் பீவிக்குச் சோதனையெல்லாம் தேவைப்படவில்லை. எண்பதாம் வருஷம் சூரிய கிரகணத்தன்று, பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு இவள் வெங்காயம் நறுக்கினாள், அதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ரத்தத்திலும் இவள் பக்கம்தான் கோளாறு என்று வந்தால் ஷகிலா பிள்ளையோடு கம்பைநல்லூர் தாய்வீட்டுக்குப் போக வேண்டியது. மாமியார் தன் மகனுக்கு வேறு பெண்கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

வெங்காயம் நறுக்கியது என்னவோ உண்மை. அதுதான் ஷகிலாவை நாலு வருஷமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. புருஷன் அப்துல் ஷுக்கூர் பாப்பிரெட்டிப்பட்டியில் செருப்புக் கடை வைத்திருந்தான். நல்லவன்தான். ஆனால் அம்மா எதிரில் நின்றால் வாயில் கொழுக்கட்டையை அடைத்தது போல ஆகிவிடுவான். இந்த மாதிரி நல்லவர்களை நம்பித்தான் நம் பக்கத்தில் பாதிப் பெண்கள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

டாக்டரம்மா பொறுமைக்காரி. அவன் தொழிலைக் கேட்டுக்கொண்டு அதிலிருந்தே ஆரம்பித்தாள். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம் என்று நூல் போல இருக்கிறது, செருப்பு மாதிரியே ஜோடி ஜோடியாக, இருபத்து மூன்று ஜோடி. கண் எப்படி, நிறம் எப்படி, மூளை எப்படி வளர வேண்டும் என்பதெல்லாம் அதில் டி.என்.ஏ. என்ற எழுத்தில் இருக்கிறது. செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் அத்தனையையும் நகலெடுத்துச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். உங்கள் ரத்தத்தை வளர்த்து, செல் பிரிகிற சமயத்தில் அப்படியே நிறுத்திப் பிடித்த படம் இது என்றாள்.

பிள்ளை உண்டாகும்போது மட்டும் கணக்கு வேறு. தாய் ஒவ்வொரு ஜோடியிலும் ஒற்றை தருவாள், தகப்பன் ஒற்றை தருவான். டாக்டரம்மா சொல்லிக்கொண்டே படத்தில் ஓரிடத்தில் பென்சிலை ஊன்றினாள். உங்களில் ஒருவருக்கு இருபத்தோராம் ஜோடியில் ஒன்று போய் வேறொரு ஜோடிக்காரனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அதனால் ஒரு நோவும் தெரியாது. ஆனால் அவர் பங்கு போடும்போது ஒட்டியதும் பிள்ளைக்குப் போய், ஒட்டாத ஒற்றையும் கூடவே போய்விட்டது. பையனுக்கு இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றாகிவிட்டது.

"வெங்காயம் நறுக்கினா இப்படி ஒட்டிக்குமாங்க?" என்று ஷகிலா கேட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஒட்டாது என்றாள். பிறகு ஷுக்கூரைப் பார்த்து, "இது உங்க ரத்தம்" என்றாள்.

அவன் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான். அவனுடைய அம்மாவுக்குக் கர்ப்பம் கலைந்ததுண்டா என்று கேட்டதற்கு, மூன்று தடவை என்று தரையைப் பார்த்துச் சொன்னான். கூடப் பிறந்தவர்கள்? ஒரே தங்கை, ஜான் பீ. வருகிற மாதம் நிக்காஹ். அவளிடமும் இது இருக்கலாம், இது தாயிடம் இருந்தால் பிள்ளைக்கு வரும் ஆபத்து இன்னும் அதிகம், அவள் ரத்தத்தையும் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினாள்.

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்குகிற சமயத்தில்தான் ஷுக்கூர், "வூட்ல நான் பேசிக்கறேன், நீ எதுவும் சொல்லாதே" என்றான். என்ன பேசுவான்? பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து, அவன் சொல்லாவிட்டால் தான் சொல்லலாமா, சொன்னால் யார் நம்புவார்கள் என்று புழுங்கிப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது அவளுடைய தகரப் பெட்டி. துணிமணி கட்டி, கூடத்தில் தயாராக வைத்திருந்தது. ரஹமத் பீவி மகனை உட்காரக்கூட விடாமல், யார் பக்கம் என்றாள். ஷுக்கூர் தண்ணீர் கேட்டான். குடித்தான். சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். ஷகிலா அவன் உதட்டையே பார்த்தாள். அவனை அவள் அன்றைக்கு வெறுத்ததும் உண்டு, அவனுக்காகப் பரிதாபப்பட்டதும் உண்டு.

"அவகிட்ட ஒண்ணுமில்லம்மா. எங்கிட்டதான்."

கிழவி நம்பவில்லை. மறுபடி கேட்டாள். அவன் மறுபடியும் அதையே சொன்னான். கலைந்த மூன்றும் இதனாலேயே இருக்கலாம் என்றும், ஜான் பீக்கும் பார்க்கச் சொன்னார்கள் என்றும் சேர்த்துச் சொன்னான். ரஹமத் பீவி எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து பெட்டியைத் தன் கையாலேயே உள்ளறைக்குத் தள்ளினாள்.

"இது வெளிய தெரிஞ்சா ஜான் பீ நிக்காஹ் நின்னுரும். நீ இங்கயே இரு ஷகிலா, யாரும் உன்னை அனுப்பல. ஊரைப் பொறுத்தவரைக்கும் உன்மேலயே இருக்கட்டும்."

ஷுக்கூர் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நாளைக்கு ஒரு தைரியம்தான் அவனுக்கு. ஷகிலாவுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. வீடும் உண்டு, புருஷனும் உண்டு. தலையை ஆட்டினால் போதும், முடிந்தது. ஆனால் ஆட்ட முடியவில்லை.

"இருக்கட்டும் மாமி. நாளைக்கு ஜான் பீக்கு இப்படி ஒரு பிள்ளை பொறந்து, அவங்க அவ பெட்டிய எடுத்து வெளிய வெச்சா, அப்ப யார் மேல போடுவீங்க?"

சமையல்கட்டு நிலைப்படியில் ஜான் பீ நின்றுகொண்டிருந்தாள். கைகளில் மருதாணி வைத்துப் பார்த்திருந்தாள், இன்னும் காயவில்லை.

"எனக்கும் ரத்தம் எடுக்கணுமா பாபி?" என்று கேட்டாள்.

அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். ஷகிலா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஆமா," என்றாள். "நான் கூட வர்றேன்."