மருதாணி வைக்கப் போனவள்

அம்சவல்லிக்கு நேரமே இல்லை. எஞ்சினீயரிங் சேர்ந்த நாளிலிருந்தே இல்லை. விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த கூத்தாநல்லூர் லத்தீஃபா சினிமாவுக்குக் கூப்பிட்டால் ரெக்கார்டு எழுத வேண்டும். நாகூர் கந்தூரிக்குக் கூப்பிட்டால் டிராயிங் ஷீட் முடியவில்லை. பெருநாளைக்கு வீட்டுக்கு வாடி என்றால் அரியர் பரீட்சை. "உனக்கு எப்பவும் அடுத்த வாரந்தாண்டி," என்பாள் லத்தீஃபா. கோபித்துக்கொள்ளக்கூட மாட்டாள், புண்ணியவதி.

மூன்றாம் வருடத்தின் நடுவிலேயே லத்தீஃபாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. நிக்காஹ் முடிந்தால் படிப்புக்கு முழுக்கு, நேரே விமானம். பெட்டியைக் கட்டும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மருதாணி நீதாண்டி வெச்சுவுடணும். கோடு போட உன் கை மாதிரி யாருக்கு வரும்?"

நிக்காஹ் அன்று காலையிலேயே கணக்குப் பரீட்சை! அட்டவணை போட்ட மகராசனை என்னவென்று திட்டுவது? முதல் நாள் சாயங்காலம் மருதாணி வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவதென்று அம்சவல்லி முடிவு செய்தாள். அதற்காகவே முன்கூட்டிப் படித்து முடித்தாள். விடுதிச் சமையல்காரம்மாவைக் கெஞ்சி மருதாணி இலையை மைய அரைத்து, டிபன் டப்பாவில் அடைத்து, மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள்.

பஸ் அவள் சொந்த ஊர் முக்கூட்டு ரோட்டில் நின்றுவிட்டது. மறியல்.

கோயில் நிலத்துக் குத்தகைக்காரர்களைக் காலி செய்யச் சொல்லி மறுபடியும் நோட்டீஸ். சூரியன் போய் இலை வந்தாலும், இலை போய்ச் சூரியன் வந்தாலும் அது மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அவள் தெரு ஜனம் மொத்தமும் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் கொடியோடு அவள் அப்பா வைரக்கண்ணு. பண்ணையாளாக இருந்து, அந்தக் குத்தகை நிலத்தை வைத்தே மகளைப் படிக்க அனுப்பிய மனிதர்.

மறியல் என்றால் இந்தப் பக்கம் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் திரும்பி நிற்கும் பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். இது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்சவல்லியும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓரமாக நடந்தாள். பெற்றவர் கண்ணை அப்படியெல்லாம் ஏமாற்றிவிட முடியுமா?

"ஏய், எம் மவ வந்துட்டா!" வைரக்கண்ணு மைக்கைப் பிடுங்கினார். "நாளைக்குப் பரிச்சைய வெச்சுக்கிட்டு நம்ம நெலத்துக்காக ஓடியாந்துருக்கு பாருங்க, எஞ்சினீயருக்குப் படிக்கிற புள்ள!"

எல்லாரும் கை தட்டினார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீர். அத்தை காத்தாயி நகர்ந்து இடம் விட்டு, "ஒக்காரு ஆயி," என்றாள். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. நான் கல்யாண வீட்டுக்குப் போறேன்ப்பா என்று எந்த வாயால் சொல்வது? கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நழுவிவிடலாமென்று நினைத்தாள். பாவிப்பெண், உட்கார்ந்திருக்கவே கூடாது. உடனே போலீஸ் வேன் வந்துவிட்டது.

மறியல்காரர்களைக் கைது செய்தால் கொண்டுபோய் அடைப்பது கல்யாண மண்டபத்தில்தானே? முந்தின நாள் யார் கல்யாணமோ, மாவிலைத் தோரணம் வாடித் தொங்கியது. மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு அம்சவல்லி மணமேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"டப்பாவுல என்ன ஆயி?" என்றாள் காத்தாயி.

"மருதாணி, அத்தை."

"மறியலுக்கு எதுக்கு மருதாணி?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வாசலில் நின்ற போலீஸ்காரம்மாவிடம் போய்க் கெஞ்சினாள். "மேலேருந்து சொன்னாத்தாம்மா விட முடியும்," என்றாள் அவள்.

விளக்கு வைத்த பிறகுதான் விட்டார்கள். இனிமேல் கூத்தாநல்லூர் போனால் காலைப் பரீட்சைக்குத் திரும்ப பஸ் இல்லை. எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். அதற்குக் கதவே இல்லை. பின்னாலேயே வந்த அப்பா, டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ராத்தாதான் போன என் காதுல வெச்சுப் புடிச்சிருக்காங்க," என்றாள் லத்தீஃபா. "ரெண்டு கையிலயும் மருதாணி. ஜன்னத் மாமி வெச்சுவுட்டாங்க. நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும்டி. படிச்சுக்கிட்டு இருந்தியா?"

அப்பா பூத்துக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "படிப்பத் தூக்கிப் போட்டுட்டு வந்துருச்சுங்க. நான் வரச் சொல்லவே இல்ல. அதுவா வந்துச்சு."

"ஆமாண்டி," என்றாள் அம்சவல்லி.

"சரி, நல்லாப் படி," என்று சொல்லி லத்தீஃபா ராத்தாவிடம் போனை வைக்கச் சொன்னாள்.