மூன்றாவது கூட்டாளி

விடிவதற்கு முன்னால் கடற்கரைச் சாலையில் மணல் படிந்து கிடக்கும். இரவெல்லாம் காற்று அள்ளிக் கொட்டிய மணல். அதன்மேல் சக்கரம் ஏறினால் வண்டி முனகும். தள்ளுகிறவனுக்கும் முனகல் வரும். ஆனால் உட்கார்ந்திருப்பவர் காதில் விழாமல் முனக வேண்டும், அது கழகத்தின் கட்டளை.

கொளஞ்சி இடது பக்கம், அல்போன்ஸ் கடல் இருக்கும் வலது பக்கம். இருவரும் உள்ளங்கைகளை வண்டியின் பின்கட்டையில் ஊன்றி, முதுகை வளைத்து, குதிகாலால் தரையை உதைத்துத் தள்ளினார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புப் பட்டை, தலையில் குஞ்சம் வைத்த தொப்பி. வியர்வையில் கஞ்சி இளகிக் கழுத்தை அறுத்தது. கண்ணுக்கு எதிரே பிரம்பு பின்னிய வண்டி முதுகு மட்டுமே தெரியும். கடல் இரைவது கேட்கும், பார்க்க முடியாது. தலையை நிமிர்த்தினால் தள்ளும் வேகம் தளர்ந்துவிடும்.

அந்த வண்டியின் பெயர் புஸ்புஸ். புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்லி வைக்கலாம். முன்சக்கரத்தோடு இணைத்த ஒரு நீளக் கம்பி, அதன் நுனியில் பித்தளைப் பிடி. சவாரி செய்பவர் அந்தப் பிடியை மடியருகே வைத்துக்கொண்டு வண்டியைத் தம் இஷ்டத்துக்குத் திருப்புவார். பின்னாலிருந்து தள்ளுகிறவனுக்குச் சாலையே தெரியாது. எங்கே போவது என்று முடிவு செய்பவர் ஒருவர், போவதற்கான பாடு இன்னொருவனுடையது. வெள்ளைக்காரத் துரைமார் யோசித்துச் செய்த வண்டி, சும்மாவா?

சைக்கிள் ரிக்‌ஷா வந்து அந்தச் சனியன் ஒழிந்தபோது கொளஞ்சியின் அப்பா உப்பளம் பேட்டையில் தெரு முழுக்கச் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். தம் மகன் தலை நிமிர்ந்து வண்டி ஓட்டுவான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கொளஞ்சியும் அப்படித்தான் ஓட்டினான். பிறகு வெள்ளைக்காரன் கொடி இறங்கியது, நம் கொடி ஏறியது. ஏறி மூன்று வருஷம் ஆவதற்குள் புஸ்புஸ் வண்டி திரும்பி வந்தது.

அதை மீட்டு வந்தவர் முசே வைத்திலிங்கம். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் இந்த ஊரில் பணக்காரர்கள் முசேக்கள்தான். கப்பல் சரக்கில் சம்பாதித்தவர், துரைமார் விட்டுப்போன வண்டிகளை மலிவாக வாங்கிக் கிடங்கில் போட்டு வைத்திருந்தார். வெளியூரிலிருந்து உல்லாசப் பயணிகளை வரவழைக்க வேண்டும் என்று அரசாங்கம் யோசித்தபோது, அவருக்கு அந்தக் கிடங்கு ஞாபகம் வந்தது. உல்லாசப் பயணக் கூட்டுக் கழகம் பிறந்தது. கடற்கரைச் சாலையில் இனிக் கழகத்து வண்டிகள் மட்டுமே ஓடலாம் என்று உத்தரவும் பிறந்தது. அந்தச் சாலையை விட்டால் ரிக்‌ஷாக்காரனுக்குச் சவாரி ஏது?

பந்தல் போட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அரசாங்கத்து அதிகாரி எழுந்து பேசினார். "அரசாங்கம் சாலையைக் கொடுக்கிறது. முசே மூலதனத்தைக் கொடுக்கிறார். நீங்கள் உழைப்பைக் கொடுக்கிறீர்கள். மூவரும் கூட்டாளிகள். இந்தக் கூட்டு வெற்றி பெற ஒன்றே ஒன்றுதான் தேவை. ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும்."

எல்லோரையும் விடப் பலமாகக் கை தட்டியவன் கொளஞ்சி. அவன் வம்சத்தில் எவனையும் நாற்காலியில் உட்கார்ந்தவன் கூட்டாளி என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல் அவனுக்குச் சாராயம் போல ஏறிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பேசி, ரிக்‌ஷாக்காரர்களின் உரிமப் பித்தளை வில்லைகளைத் தானே வாங்கிக் கொண்டுபோய்க் கழகத்தில் ஒப்படைத்தான். வில்லை இல்லாமல் இந்த ஊரில் ரிக்‌ஷாவைத் தொட முடியாது.

அல்போன்ஸ் மட்டும் கடைசி வரை முரண்டு பிடித்தான்.

"கம்பி யாரு கையில இருக்கும்னு கேட்டியா கொளஞ்சி?"

"எவன் கையில இருந்தா என்னா? நாமளும் கூட்டாளிடா!"

அல்போன்ஸ் வில்லையைக் கழற்றிக் கொடுத்தான். கழகத்தை நம்பிக் கொடுக்கவில்லை, கொளஞ்சியை நம்பிக் கொடுத்தான்.

இன்றைய சவாரி முசேயின் சென்னை நண்பரும் அவர் மனைவியும். சூரிய உதயம் பார்க்க வந்தவர்கள். நண்பருக்கு ஒரு விரல் கம்பியில், கண் முழுக்கக் கடலில்.

"அதோ பாருங்க, கட்டுமரம்!" என்றாள் அந்த அம்மாள்.

"வேகமா தள்ளுங்கப்பா, கிட்டப் போய்ப் பார்ப்போம்!" என்றார் நண்பர்.

அவர் பிடியைக் கடல் பக்கம் ஒடித்தார். புயல் தின்ற பழைய கப்பல்துறைப் பாலத்தின் அடியில் கருங்கற்கள் குவிந்து கிடக்கும் இடம் அது. தள்ளிய இருவருக்கும் அது தெரியவில்லை, எப்படித் தெரியும்? சக்கரம் கல்மீது ஏறியது, வண்டி வலது பக்கமாகச் சாய்ந்தது. அல்போன்சின் பாதம் கல்லுக்கும் அச்சுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அவன் போட்ட அலறலில் மணலில் மேய்ந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

முசேயின் கார் வந்தது. இறங்கியவர் முதலில் நண்பரின் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். அடுத்து வண்டியின் பித்தளை விளக்கைப் பார்த்தார், அது நசுங்கியிருந்தது. நண்பரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது. காரில் இன்னொருவருக்கு இடம் இருந்தது.

கொளஞ்சி வண்டியை நிமிர்த்தினான். சிவப்புப் பட்டையை அவிழ்த்து அல்போன்சின் காலில் இறுக்கிக் கட்டி, அவனைத் தூக்கி இருக்கையில் வைத்தான். இத்தனை மாதம் தள்ளிய வண்டியில் அல்போன்ஸ் அன்றுதான் முதல்முதலாக உட்கார்ந்தான்.

"கம்பிய நான் புடிக்கிறேன். நீ தள்ளு," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி வரைக்கும் கொளஞ்சி தனியாகத் தள்ளினான். முன்னாலிருந்து அல்போன்சின் குரல் வந்துகொண்டே இருந்தது. "பள்ளம் வருது, மெல்ல... எடது பக்கம் ஒடிக்கிறேன், பாத்துக்க... மேடு, ஒரு தம் புடி." கொளஞ்சிக்குக் கண்ணீர் வந்தது. இந்தச் சாலையில் பள்ளம் வருகிறது என்று எந்தச் சவாரியும் அவனுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

அல்போன்ஸ் வீடு திரும்பியபோது வலது பாதத்தில் பாதிதான் மிஞ்சியிருந்தது. கழகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் முசேயும் அதிகாரியும். இந்தப் பக்கம் கொளஞ்சி, அவனுக்குப் பின்னால் மற்ற வண்டிக்காரர்கள்.

"வேகமா தள்ளி வண்டியக் கவுத்திருக்கீங்க," என்றார் முசே.

"வேகமா தள்ளச் சொன்னது அவருதாங்க முசே. கம்பியும் அவரு கையிலதான் இருந்துது."

"சொன்னது அவரு. தள்ளுனது யாரு?"

"தள்ளாம நின்னா மறுநாள் எங்களுக்கு வேலை உண்டுங்களா?"

அதிகாரி தொண்டையைச் செருமினார். "விருந்தாளிமேல் பழி போட்டால் நாளைக்கு இந்த ஊருக்கு யார் வருவார்கள்? யோசித்துப் பேசு."

"அல்போன்சுக்கு என்னாங்க ஐயா வழி?"

"பாதிக் காலோட என்னத்தத் தள்ளுவான்?" என்றார் முசே. "அவனுக்குப் பதிலா வேற ஆளு போட்டாச்சு. வண்டி ரிப்பேர் செலவு எல்லார் கூலியிலயும் புடிப்போம்."

கொளஞ்சி ஓர் அடி முன்னால் வந்தான். "கூட்டாளின்னு சொன்னீங்களே ஐயா. பந்தல்ல, அத்தினி பேரு முன்னாடி."

அதிகாரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் சொன்னவர் முசேதான், சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஆமாய்யா, கூட்டாளிதான். லாபத்துல மட்டுமா கூட்டாளி? நட்டத்துலயுந்தான்."

லாபத்தில் பங்கு கொடுக்க ஒரு நாளும் கூப்பிடாதவர்கள், நட்டம் வந்ததும் எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள்! உட்காரவும் வைக்கவில்லை, நிற்க வைத்துத்தான் பங்கு பிரித்தார்கள்.

அன்று மாலை எல்லோரும் உப்பளத்தில் அல்போன்சின் வீட்டு வாசலில் கூடினார்கள். அல்போன்ஸ் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். கொளஞ்சியால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நாந்தாண்டா உன் வில்லையக் கயட்டி வாங்கனேன்," என்றான்.

"வாங்கனவனே குடு. அழுவாத," என்றான் அல்போன்ஸ்.

"ஞாயித்துக்கெழம டில்லியிலேர்ந்து பெரிய மனுசங்க வராங்களாம். அன்னிக்கு ஒருத்தரும் போவ வேணாம். வூட்டுலயே இருந்துடுவோம்," என்றான் சுப்ரமணி. அல்போன்சின் இடத்தில் தள்ளுவதற்குப் போட்ட ஆள் அவன்தான். முதல் நாள் வேலைக்குப் போகுமுன் அல்போன்சிடம் வந்து கேட்டுக்கொண்டு போனவன்.

அல்போன்சின் மனைவி ரோசா உள்ளேயிருந்து வந்தாள். பஞ்சாலையில் நூல் சுற்றும் வேலை அவளுக்கு. முந்தானையில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும்.

"வூட்டுல குந்திக்கினா வேற ஆளப் புடிச்சித் தள்ளச் சொல்லுவான். முப்பத்தாறு ஆலை ஸ்டிரைக்குல எங்கப்பாரு வூட்டுல குந்தல. ஆலைக்குள்ளாற போயி, மெஷின் பக்கத்துலயே நின்னுகினு கைய எடுத்தாரு. நீங்களும் போங்க. தள்ளுங்க. இவரு வியுந்த எடம் வந்ததும் கைய எடுங்க."

பிறகு குமாரவேல் வாயைத் திறந்தான். அவனுக்கு நாலு பிள்ளைகள், ஐந்தாவது வயிற்றில். "தள்ளுறப்ப மத்த வண்டிக்காரன் என்னா பண்றான்னு பாக்க முடியாது. நான் கைய எடுத்து, மத்தவன் எடுக்கலன்னா? என் புள்ளைங்க கதி என்னா?"

நியாயமான கேள்வி. கொளஞ்சி குமாரவேலின் பக்கம் திரும்பினான்.

"என் வண்டி முன்னாடி போவும். ஒன் வண்டி எனக்கு நேர் பின்னாடி வரட்டும் குமாரவேலு. நான் மொதல்ல கைய எடுக்கிறேன். நீ எடுக்கலன்னா ஒன் வண்டி எம் முதுவுலதான் வந்து இடிக்கும். வேற எதச் சொல்ல? நம்பணும்."

அதிகாரி பந்தலில் சொன்ன அதே சொல். அன்று அதைக் கேட்டு எல்லோரும் கை தட்டினார்கள். இன்று ஒருவரும் தட்டவில்லை. குமாரவேல் எழுந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கழகத்து வண்டிகள் அத்தனையும் துடைத்துப் பளபளக்க, மாலை போட்டு, வரிசையாகக் கிளம்பின. முன் வண்டியில் டில்லிக்காரர், கம்பியின் பிடியைக் குழந்தை கிலுகிலுப்பையைப் பிடிப்பது போல ஆசையாகப் பிடித்திருந்தார். பின்னால் கொளஞ்சியும் சுப்ரமணியும். முசேயும் அதிகாரியும் ஓரமாகச் சிரித்த முகத்தோடு நடந்து வந்தார்கள்.

வண்டி முதுகைத் தவிர கொளஞ்சிக்கு எதுவும் தெரியவில்லை. கடலின் இரைச்சலை வைத்துத்தான் இடத்தைக் கணித்தான். பாலத்தடிக் கற்களில் அலை மோதும் சத்தம் வந்தது. சுப்ரமணியைப் பார்த்துத் தலையசைத்தான். இருவரும் கையை எடுத்தார்கள்.

வண்டி தானாகச் சற்று உருண்டு நின்றது.

பின்னால் குமாரவேலின் வண்டி வரும் சத்தம் கேட்டது. நிற்கவில்லை. இன்னும் கிட்ட வந்தது. சுப்ரமணி விலகிக்கொண்டான். கொளஞ்சி திரும்பிப் பார்க்காமல் முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றான். பார்த்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

மணலில் சக்கரம் தேய்ந்து நின்றது. முன்சக்கரத்தின் மண் அவன் கெண்டைக்காலில் தெறித்தது, அவ்வளவுதான். அதற்கு அடுத்த வண்டியும் நின்றது. அதற்கும் அடுத்தது. கடைசியில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

டில்லிக்காரர் பிடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். சக்கரம் திரும்பியது, வண்டி நகரவில்லை. அதிகாரி ஓடி வந்தார்.

"என்ன இது? ஏன் நிறுத்தினீர்கள்?"

"இங்கதாங்க ஐயா எங்க ஆளு காலு போச்சு," என்றான் கொளஞ்சி.

"டேய், மானத்த வாங்காத, தள்ளு!" என்று கத்தினார் முசே. "எல்லாப் பயலோட வில்லையையும் புடுங்கிடுவேன்!"

"அதத்தான் அன்னிக்கே குடுத்துட்டோமே முசே."

முசேக்கு முகம் கறுத்தது. கழகத்துக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு தாமே வண்டியின் பின்னால் போய்க் கை வைத்தார். சில்க் சட்டை முதுகில் விறைத்தது. வண்டி நகர்ந்தது. டில்லிக்காரர் பதற்றத்தில் பிடியைக் கடல் பக்கம் ஒடித்தார். முசே குனிந்து மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே, எங்கே போகிறோம் என்று தெரியாமல், வண்டியைக் கற்குவியலில் கொண்டுபோய் முட்டினார்.

டில்லிக்காரர் இறங்கி நடக்க ஆரம்பித்தார். மற்ற விருந்தாளிகளும் இறங்கினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னதான் வேண்டும் உங்களுக்கு?" என்றார் அதிகாரி தணிந்த குரலில்.

"அல்போன்சுக்கு வேலை வேணும்," என்றான் கொளஞ்சி. "காலுக்கு ஈடு வேணும். ரிப்பேர் செலவு எங்க கூலியில கூடாது. கம்பி எங்காளு ஒருத்தன் கையில இருக்கணும். அவன் முன்னாடி நடந்து பாத்துச் சொல்லட்டும், இன்னொருத்தன் தள்ளட்டும். கூட்டுன்னு நீங்கதான ஐயா சொன்னீங்க? கண்ணத் தொறந்துகினு தள்ளுறோம். குருட்டுத்தனமா தள்ள மாட்டோம்."

"போலீசுக்கு ஆள் போயாச்சு," என்றார் முசே.

சாலையின் வடக்கு முனையில் லாரியின் உறுமல் கேட்டது. வண்டிக்காரர்கள் பின்கட்டைகளை விட்டுவிட்டு முன்னால் வந்தார்கள். குமாரவேல் வந்து கொளஞ்சியின் பக்கத்தில் நின்றான். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

கொளஞ்சி நிமிர்ந்தான். எதிரே கடல். இத்தனை மாதம் அதன் ஓரமாகவே தள்ளித் திரிந்தவன், இன்றுதான் அதை முழுதாகப் பார்த்தான். வேலை போகலாம், நாளைக்குச் சிறையிலும் இருக்கலாம். எதுவும் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் மூச்சு தாராளமாக வந்தது.

கடற்கரைச் சுவர்மேல் ரோசாவின் தோளைப் பற்றிக்கொண்டு அல்போன்ஸ் உட்கார்ந்திருந்தான். அவன் இருந்த இடத்திலிருந்து சாலை முழுவதும் தெரிந்தது. போலீஸ் லாரி சாலைக்குள் நுழைவதைப் பார்த்ததும் உரக்கக் குரல் கொடுத்தான்.

"பள்ளம் வருதுடா! கெட்டியா நில்லுங்க!"

வண்டிக்காரர்கள் இன்னும் நெருங்கி நின்றார்கள்.