ரோசனைக் கடைத் தராசு

போடி கடைவீதியில் பஞ்சம்மாள் விற்ற யோசனைக்கு எடை இருந்தது. வெறும் தராசுத் தட்டைப் பார்த்துக் குனிந்து அவள் யோசனையைச் சொல்வாள். சொல் நல்லதானால் தட்டு இறங்கும், சொத்தையானால் அசையாது. அசையாததை அவள் விற்கமாட்டாள். இறங்கியதற்கு எடைக்கு எடை கடலையோ மிளகாயோ வாங்கிக்கொள்வாள்.

மதுரை ரயில் போடிக்கு வந்த வருஷம் அந்தக் கடை திறந்தது. அதற்கு முன்னால் அவள் கோம்பையில், அண்ணன் ஒச்சாண்டி வீட்டில் இருந்தாள். வாக்கப்பட்ட வீட்டில் எதற்கெடுத்தாலும் யோசனை சொல்கிறாள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அண்ணன் சோறு போட்டான். சொல்லாத யோசனையெல்லாம் உடம்பில் தங்கிப் பாரமாகி, அவள் உட்கார்ந்த கட்டில்கள் முறிந்தன. மிச்சமிருந்த ஒரு கட்டிலையும் முறிக்க மனசில்லாமல்தான் போடிக்கு வந்து கடை போட்டாள்.

நம் பக்கத்தில் யோசனையை ரோசனை என்போம் இல்லையா, மக்களே, கடைப் பலகையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். ஜனங்கள் அதைப் பார்த்து, பிள்ளைகளுக்கு உரசிக் கொடுக்கும் கோரோசனை விற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் வந்த சண்முகத்தாய், கதறுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோரோசனைதான் கேட்டாள். "அது இல்ல ஆத்தா. பிள்ளை வளந்திருச்சு, அரைஞாண் கயிறு வளரல. அவுத்து விடு" என்றாள் பஞ்சம்மாள். தட்டு இறங்கியது, பிள்ளை தூங்கியது. சண்முகத்தாய் மொச்சை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போய்த் தெருத்தெருவாகச் சொன்னாள்.

கடைவீதிக்குப் பெரியவரான ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜ், சரக்கில்லாத கடையை விடமுடியாது என்று கூட்டம் கூட்டினார். ஒச்சாண்டி தங்கையைக் கூட்டிப்போக வண்டி பூட்டிக்கொண்டு வந்து நின்றான். பொன்னுராஜ் தன் மூட்டைத் தராசையே கொண்டுவந்து அவள் கடையில் மாட்டச் சொல்லி, தனக்கு ஒரு ரோசனை நிறுக்கச் சொன்னார். இனி எல்லாம் ரயில்தான் என்று, அவர் தன் மாட்டுவண்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட இருந்த நேரம் அது.

பஞ்சம்மாள் தட்டைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டி மாட்ட வித்துப்புடாதீக."

கூட்டம் சிரித்தது. தட்டு தரையில் போய் இடித்தது. எதிர்த்தட்டில் வெல்லம் வைத்தார்கள், உப்பு மூட்டை வைத்தார்கள், கடைசியில் ஒச்சாண்டியையே ஏற்றி உட்காரவைத்தார்கள். எழும்பவில்லை.

"எடை இருக்கு. அசலா போலியான்னுதான் தெரியல" என்றார் பொன்னுராஜ். "தட்டு தானா மேல வந்துச்சுன்னா போலி. அன்னைக்கே நீ கோம்பைக்குப் போயிரணும்."

தராசை நம்பாத வியாபாரி உண்டா? அவர் வண்டிகளை விற்கவில்லை. ரயில் கூவிக்கொண்டு போனது, அவர் மாடுகள் தின்று கொழுத்துப் படுத்துக் கிடந்தன. "உங்க காளைக்கு இது எத்தனையாவது மாசம்?" என்று கடைவீதியில் கேட்டார்கள். பெரிய தராசு அப்படியே கிடக்க, பஞ்சம்மாள் தன் பழைய கைத்தராசில் கடையை நடத்தினாள். கிணறு வெட்ட இடம் கேட்டு உத்தமபாளையத்திலிருந்து வந்தார்கள், மிளகுக்கொடிக்கு வழி கேட்டுக் குமுளியிலிருந்து மலையாளத்தார் வந்தார்கள். பொங்கல் கழிந்ததும் வருஷாவருஷம் ஒச்சாண்டி வண்டியோடு வருவான். பெரிய தட்டு தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, தங்கையிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவான்.

பிறகு யுத்தம் வந்தது. இரும்பு வேண்டுமென்று சர்க்கார் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய் போடியிலேயே முடங்க, பள்ளத்தாக்கு முழுக்க வண்டிக்கு அலைந்தார்கள். பொன்னுராஜின் வண்டிகள் மட்டும் சலங்கை குலுங்க மதுரைச் சாலையில் வரிசையாகப் போயின. போய்த் திரும்பியதும் அவர் ஒரு மூட்டை ஏலக்காயைத் தானே தூக்கிவந்து எதிர்த்தட்டில் வைத்தார். உப்புக்கும் வெல்லத்துக்கும் அசையாத தட்டு மெல்ல எழுந்து சமமாக நின்றது.

"அசல்தான் தாயி" என்றார்.

அந்த வருஷத்துக்கு வந்திருந்த ஒச்சாண்டி வாசலில் நின்று பார்த்தான். தட்டு எழுந்துவிட்டதே, வருகிறாயா என்று கேட்டான். பஞ்சம்மாள் கைத்தராசை எடுத்தாள்.

"வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போகாதண்ணே. மதுரைக்கு ஏலக்கா ஏத்து."

தட்டு இறங்கியது. அண்ணன் அந்த எடைக்குச் சோளம் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வண்டியை ஏலக்காய்க் கிடங்குக்குத் திருப்பினான்.