கரியாலூர் நேயர்

கூடத்து மூலையிலிருந்த ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதே துளைகளில் ஐஸ்பெட்டியின் வயரைச் செருகினான் பந்தல்காரன். பெட்டி ஒருமுறை உறுமிவிட்டுக் குளிரத் தொடங்கியது. கையிலிருந்த ரேடியோவை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவன் திகைத்து நிற்க, ஜெயம்மாள் எழுந்து சென்று அதை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தாள்.

"புருசன் செத்துக் கெடக்குறான், இவ ரேடியோவுக்கு எடம் பாத்துக்கினு இருக்கா," என்றாள் செல்லியம்மாள், சுற்றியிருந்த பெண்களின் காதில் விழும்படியாக. இறந்தவருக்கு அவள் அக்காள். வந்த நேரம் முதல் தன் பங்குக்கும் தம்பி மனைவியின் பங்குக்கும் சேர்த்து அவளே மாரடித்துக்கொண்டிருந்தாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பெட்டிக்குள் கிடந்த தங்கதுரை வாயாலேயே பிழைத்தவர். கோமுகிக்கரை மக்கள் வானொலியில் வாரநாள்தோறும் மாலை நான்கு மணிக்கு 'ஊரும் உலகும்' என்னும் உரையாடல் நிகழ்ச்சியை நடத்தினார். உள்ளாட்சித் தேர்தல் முதல் சந்திர கிரகணம் வரை, தெருக்கூத்து முதல் தடுப்பூசி வரை அவர் தொடாத பொருள் இல்லை. நேயர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். அவர் தேன் ஒழுக விடை சொல்வார். முந்தின நாள் நிகழ்ச்சியை முடித்துவிட்டு வந்து, கால் கழுவக் குனிந்தவர் நிமிரவில்லை. மருத்துவர் வருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏ ஜெயா, வாயத் தொறந்து அழுவேண்டி! பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? கல்லு கூட வெயில்ல வெடிக்கும்," என்று செல்லியம்மாள் அவள் தோளை உலுக்கினாள்.

ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வராமல் இல்லை. ஆனால், வாசலில் வானொலிக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்கள் காதில் தன் குரல் விழக்கூடாது என்பது கணவருடைய கட்டளை. கட்டளையிட்டவர் போய்விட்டாலும் கட்டளை போகவில்லை.

அந்தக் கட்டளைக்கு ஒரு கதை உண்டு. நிகழ்ச்சி தொடங்கிய புதிதில் ஒருவரும் கூப்பிடவில்லை. தொலைபேசி மணி அடிக்காவிட்டால் அந்த நேரத்தைச் சினிமாப் பாட்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று நிலையத்தில் எச்சரித்தார்கள். அன்றைக்குத் தங்கதுரை ஒரு பட்டன் போனை வாங்கி வந்து மனைவியின் கையில் திணித்தார்.

"நாலரைக்கு அடி. பேரு தைலம்மா. ஊரு கரியாலூர்."

"நான் எதுக்குப் பொய்ப் பேரு சொல்லணும்? ஜெயம்மான்னே சொல்றேனே."

"கள்ளக்குறிச்சின்னு சொன்னா தெருவுல எவனாச்சும் கண்டுபுடிச்சிடுவான். கல்வராயன் மலையில ஏறிப் போயி எவன் தேடப்போறான்? சொன்னத செய்யி."

அவள் செய்தாள். கிரகணத்தன்று சோற்றுப்பானையில் தர்ப்பையைப் போடுவது ஏன் என்று அடுப்பங்கரையிலிருந்து கேட்டாள். மறுமுனையில் அவர், "அருமையான கேள்வி கேட்டீங்கம்மா" என்றார். ஜெயம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். மணமாகி அந்த வீட்டில் கால் வைத்த நாள் முதல் "ஏய்" என்பதைத் தவிர வேறு பெயர் அவளுக்கு இருந்ததில்லை. அவர் வாயிலிருந்து முதல் 'ங்க' அன்றுதான் வந்தது. அதுவும் தைலம்மாளுக்கு வந்தது.

அதன்பின் புதன்தோறும் தைலம்மாள் பேசினாள். தொடக்கத்தில் கேள்விகளை அவரே சொல்லிக்கொடுத்தார். போகப்போக அவள் தானே கேட்கலானாள். சோறு போடும்போது, "ஏங்க, இந்த வாக்கு மெஷின்ல நாம போட்டது பதிஞ்சிதான்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டால், "ஒனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? கொழம்ப ஊத்து" என்பார். அதே கேள்வியைப் புதன்கிழமை வரை பொத்தி வைத்திருந்து போனில் கேட்டால், பத்து நிமிடம் பொறுமையாக விளக்குவார். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இருவர் உரையாடுவதற்கு ஒரு கோபுரமும் ஓர் அலைவரிசையும் தேவைப்பட்டன.

சந்தையில் கடுக்காய் விற்க வந்த மலைப்பெண்களிடம் அவள் பேச்சுக் கொடுப்பாள். கரியாலூரில் கீழ்த்தெருவுக்கு வரும் குழாய்த் தண்ணீர் மேட்டுத்தெருவுக்கு ஏறுவதில்லை என்று அவர்கள் சொன்னதைத் தைலம்மாள் வானொலியில் கேட்டாள். "தண்ணிக்கு மேடு பள்ளம் தெரியும் சார், ஆளுங்களுக்குமா தெரியணும்?" என்றாள். தங்கதுரை அழுத்தத்தைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் அழகாக விளக்கினார். சில மாதங்களில் கரியாலூர் மேட்டுத்தெருவில் புது மோட்டார் வந்து இறங்கியது. தங்கதுரைக்கு நிலையத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது இப்போது ஐஸ்பெட்டியின் தலைமாட்டில் இருந்தது.

வானொலிக்காரர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஊமைபோல் உள்ளே போய்விடுவாள். "சார் வூட்டம்மா ரொம்ப கூச்ச சுபாவம்" என்பது அங்கே நிலைத்துவிட்ட செய்தி.

மாலையோடு வந்த ஷாலினி பெட்டியைச் சுற்றிவந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெயம்மாளின் எதிரில் குனிந்தாள். தங்கதுரைக்கு ஒலிப்பதிவுக் கருவிகளை இயக்கியவள். இனி அந்த நாற்காலி அவளுடையது.

"அம்மா, இன்னிக்கு நாலு மணிக்கு சார் நேரத்துல அஞ்சலி நிகழ்ச்சி வெச்சிருக்கோம். நீங்க பேசணும்னு இல்ல, ஒங்களுக்குக் கஷ்டம், எங்களுக்குத் தெரியும். நேயர்ங்க பேசுவாங்க. கரியாலூர் தைலம்மா நேர்லயே வந்துக்கினு இருக்காங்க."

ஜெயம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

தைலம்மாள் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் சாமந்தி மாலையும் தோளில் பொன்னிறச் சால்வையுமாக, வாசலிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். "ஐயோ அண்ணா! இனிமே எங் கேள்விய யாருண்ணா கேப்பாங்க!" என்று பெட்டியின் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுதாள். கூடியிருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். செல்லியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, "பாருடி, எங்கியோ மலையில கெடக்கறவளுக்கு இருக்குற துக்கம்" என்று பாதியில் நிறுத்தி, மீதியைப் பார்வையால் சொன்னாள்.

ஷாலினி ஓடிவந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "தைலம்மா அம்மா, இத்தினி வருசமா ஒங்க கொரல மட்டும்தான் கேட்டிருக்கேன். ஆனா போன்ல வேற மாதிரி இருந்துச்சே?"

"மலைக் காத்து, பொண்ணு. தொண்ட கட்டிக்கிச்சி. அதான் கொஞ்ச மாசமா பேசவும் முடியல."

கொஞ்ச மாதமாகத் தைலம்மாள் பேசாததற்குக் காரணம் தொண்டை அன்று. கிராம சபையில் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு புதன்கிழமை தங்கதுரை முழங்கினார். கேட்பது குடிமக்களின் உரிமை, பதில் சொல்வது அதிகாரிகளின் கடமை என்றார். ஜெயம்மாள் போன் செய்தாள். "சார், சபையில கேட்டா பதில் சொல்லணும்னு சட்டம் இருக்குது. வூட்ல பொண்டாட்டி கேட்டா பதில் சொல்லணும்னு எதுனா சட்டம் இருக்குதா?" என்றாள். வானொலியில் நெல் விதைநேர்த்தி பற்றிய அறிவிப்பு ஒலித்தது. அன்றிரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே தைலம்மா பேச வேணாம்."

கூட்டம் சற்றுக் கலைந்திருந்த நேரத்தில், சால்வைக்காரி வந்து ஜெயம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு காதோடு பேசினாள்.

"ஒங்ககிட்ட சொன்னா இன்னா? நீங்க யார்கிட்டயும் பேச மாட்டீங்கன்னு சொன்னாங்க. நான் அந்தத் தைலம்மா இல்லம்மா. எங்க ஊர்ல மூணு தைலம்மா இருக்கோம். மோட்டார் வந்ததும் ஊர்க்காரங்க மூணு பேரு வூட்டுக்கும் தேடிக்கினு வந்தாங்க. ஒருத்திக்குக் காது கேக்காது, இன்னொருத்தி போனையே தொட்டதில்ல. நான் இல்ல, நான் இல்லன்னு நானும் ரெண்டு தபா சொன்னேன். அடக்கம் ஜாஸ்தின்னு சொல்லிச் சால்வையப் போத்திட்டாங்க. அப்புறம் எப்பிடிக் கழட்றது? இப்ப வார்டு மெம்பருக்கு நிக்கச் சொல்றாங்க."

ஜெயம்மாளின் பார்வை அந்தச் சால்வைக்குப் போனது.

"சேதி தெரிஞ்ச அண்ணனாச்சும் ஒரு வார்த்த, இவ இல்லன்னு ரேடியோவுல சொல்லிருக்கலாம். சொல்லலையே. நெசமாலும் கேட்டவ எங்கியோ செத்துக்கித்துப் போயிருப்பா. உசுரோட இருந்தா வுட்டுக் குடுப்பாளா?" என்று சொல்லிவிட்டு, ஷாலினி கூப்பிட்டதும் எழுந்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிலையத்துக்குப் போக ஆட்டோவில் ஏறினாள்.

தைலம்மாள் யார் என்று அறிந்திருந்த ஒரே மனிதர் கண்ணாடிக்கு அந்தப்புறம் மூக்கில் பஞ்சோடு கிடந்தார். வேறொருத்திக்குச் சால்வை போர்த்திய செய்தியும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சோறு உண்டார், உறங்கினார். ஜெயம்மாள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் உட்புறத்தில் நீர் கோத்து, அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது.

உளுந்தூர்பேட்டையிலிருந்து தங்கதுரையின் அண்ணன் மகன் சந்தோஷ் வந்து சேர்ந்தான். பிள்ளையில்லாத சித்தப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவனே. காரியங்கள் விரைந்தன. குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, வாய்க்கரிசிக்கு அழைத்தார்கள். ஜெயம்மாள் கைநிறைய அரிசியை எடுத்தாள். ஊருக்கெல்லாம் விடை சொன்ன வாய் லேசாகத் திறந்திருந்தது. கையை விரித்தாள்.

"இப்பவாச்சும் எதுனா சொல்லி அழேண்டி," என்றாள் செல்லியம்மாள், இம்முறை கெஞ்சலாக. "ஒனக்கு அவன் இன்னா கொற வெச்சான்?"

ஜெயம்மாள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு நின்று விடை சொல்ல அங்கே நேரமில்லை. மேளம் அதிர்ந்தது, "கோவிந்தா" என்ற குரல்களோடு பாடை வாசலைக் கடந்தது. ஆண்கள் எல்லோரும் பின்னே போனார்கள். பந்தல்காரன் வந்து வயரைப் பிடுங்கி, காலியான பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். கூடத்தின் நடுவே ஈரமான நீள்சதுரம் ஒன்று மிஞ்சியது.

"மணி நாலு ஆச்சு. எந் தம்பியப் பத்திப் பேசுவாங்க, அந்த ரேடியோவ மாட்டுங்கடி," என்றாள் செல்லியம்மாள். ஒருத்தி ஜன்னல் மேடையிலிருந்து ரேடியோவை எடுத்துப் பழைய இடத்தில் பிளக்கைச் செருகினாள். "ஜெயா, நீ குளிக்க வா, தல முழுவணும்."

ஜெயம்மாள் எழுந்தாள். குளியலறைப் பக்கம் போகாமல் அடுப்பங்கரைக்குள் போனாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை; அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மேல்தட்டிலிருந்து துவரம்பருப்பு டப்பாவை இறக்கி, உள்ளே கையை விட்டுப் போனை எடுத்தாள். இத்தனை மாதங்களும் அதற்குச் சார்ஜ் போட அவள் மறந்ததில்லை. எதற்காகப் போட்டாள் என்று தன்னையே கேட்டுக்கொண்டதும் இல்லை.

கூடத்திலிருந்து சால்வைக்காரியின் குரல் வந்தது. "அண்ணன்தான் எங்களுக்குத் தண்ணி குடுத்தாரு. இந்தத் தைலம்மா கேட்டான்றதுக்காக..." குரல் தழுதழுத்தது. கூடத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

விரல்கள் தாமாகவே எண்களை அழுத்தின. மறுமுனையில் மணி அடித்தது.

"அடுத்த நேயர் லைன்ல வந்திருக்காங்க. வணக்கம், ஊரும் உலகும்." ஷாலினியின் குரல் காதில் ஒருமுறையும் கூடத்தில் ஒருமுறையும் கேட்டது.

"வணக்கம்மா," என்றாள் ஜெயம்மாள். அன்று அவள் பேசிய முதல் சொல் அது. "நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். வூட்ல கேட்டா பதில் சொல்லணும்னு எதுனா சட்டம் இருக்குதான்னு. சார் விதைநேர்த்தி அறிவிப்பு போட்டுட்டாரு."

மறுமுனையில் ஷாலினி மூச்சை இழுப்பது கேட்டது. அந்தக் குரலைப் புதன்தோறும் கருவியில் ஏற்றி இறக்கியவள் அவள்.

"அம்மா... நீங்க... மொதல்ல ஒங்க ரேடியோவக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. மேளச் சத்தமா வருது."

"அது ரேடியோ இல்லம்மா. தெருவுல போய்க்கினு இருக்குது."

"எந்தத் தெருவுல? எங்கேர்ந்து பேசுறீங்க? யாரு?"

"சார் வூட்லேர்ந்து," என்றாள். பிறகு, யாருக்கோ எழுத்துக்கூட்டிக் கற்பிப்பவள்போல நிதானமாகச் சொன்னாள்: "ஜெயம்மா பேசுறேன்."

அடுப்பங்கரை ஜன்னலுக்கு வெளியே தேய்ந்துகொண்டிருந்த மேளம் போனுக்குள் புகுந்து, எங்கோ சுற்றி, கூடத்து ரேடியோ வழியாக மெல்ல மீண்டும் வீட்டுக்குள் வந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பிவிட்டார்களோ என்று செல்லியம்மாள் எழுந்து வாசலுக்குப் போனாள். அங்கே பந்தலுக்கு அப்பால் தெருமுனை வரைக்கும் சாமந்தியும் பொரியும் சிதறிக் கிடந்தன, ஒருவரும் இல்லை.