எல்லாம் இடது கை

தையல் பக்கத்திலிருந்து ஒருத்தி சட்டைக் கைத்துணியை ஆட்டிக்கொண்டே எங்கள் மேஜைக்கு வந்து, வலது கை எங்கே என்று கேட்டாள். கட்டுக் கட்டாகப் பிரித்துப் பார்த்தோம். அத்தனையும் இடது கை. மருந்துக்குக்கூட ஒரு வலது கை இல்லை.

நீள மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரிப்பது என் வேலை. மேலே அச்சுத்தாளை வைத்து, மின்கத்தியால் மொத்த அடுக்கையும் ஒரே வெட்டாக வெட்டுவது என் தம்பி. கட்டிங் மாஸ்டர். அச்சில் ஒரு கை மட்டும் வரைந்திருந்தால் துணியின் நல்ல பக்கங்கள் முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி விரிக்க வேண்டும், அப்போதுதான் இடமும் வலமுமாக ஜோடி விழும். இரண்டு கையும் வரைந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக விரிக்கலாம். எது என்று மாஸ்டர்தான் சொல்ல வேண்டும். முந்தின நாள் நான் கேட்டபோது அவன் கழிவறைக்குள் இருந்தான். "ஒரே பக்கமா விரிச்சுடுக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. உள்ளே அந்தப் பெரிய துரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாதா? போனில் ரம்மி, காசு வைத்துச் சீட்டாட்டம்.

அந்தச் சனியன் எப்போது அவனைப் பிடித்தது என்றே தெரியவில்லை. பிள்ளை காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து ஆடியிருக்கிறான், காதில் விழவே இல்லை. அதன் பிறகுதான் அவன் பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரு கதை சொன்னேன். அவளுக்கு உடம்பு சரியில்லை, இவனுக்கு ஓவர்டைம். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிவிட்டது.

அதனால்தான் முதலாளி வந்து நின்றதும் நான் முந்திக்கொண்டேன். நான்தான் தப்பாக விரித்துவிட்டேன் என்றேன். மாஸ்டர் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்றுகூடச் சேர்த்துக்கொண்டேன். விரிக்கிறவளைத் திட்டுவார்கள், மிஞ்சிப்போனால் வேலையை விட்டு அனுப்புவார்கள். கத்தி பிடிக்கிறவன் பேர் கெட்டால் பிறகு எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்காது. அவன் தலை குனிந்துகொண்டு சும்மா இருந்தால் போதும்.

அவன் சும்மா இருக்கவில்லை.

"அக்கா பொய் சொல்லுது சார். அது என்கிட்ட கேட்டுச்சு, நான்தான் தப்பா சொன்னேன். வெட்டும்போதும் போன்லதான் கண்ணு இருந்துச்சு. சீட்டாட்டம். விடணும்னு பாக்குறேன், என்னால முடியல."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. போடா மடையா என்று எனக்குக் கத்தத் தோன்றியது. அத்தனை பேர் முன்னால், முடியல என்று சொல்ல ஒரு ஆம்பளைக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்பது கொஞ்சம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சின்ன வயதில் ஊசி போட வந்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிற பயல் இவன்.

இனிமேல் கத்தியைத் தொடாதே என்றார் முதலாளி. நூல் பிசிறு வெட்டும் பெஞ்சில் பெண்களோடு அவனை உட்கார வைத்தார்கள். மாஸ்டர், இந்தப் பிசிறையும் மாஸ்டராவே வெட்டுங்க என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். வெட்டினான். சாப்பாட்டு நேரத்தில் அவனே தன் போனை என் பையில் போட்டுவிட்டு, என் போனை வாங்கிப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். காலையில் சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் அவளிடமும் சொன்னான். அவள் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவன் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தான். என் தம்பி என்று மார்தட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.

சாயங்காலம் பஸ்ஸில் அதிசயமாக இடம் கிடைத்தது. முன் சீட்டுக்காரர் போனை எடுத்தார். அதிலிருந்து ரம்மிச் சீட்டைக் கலைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. தம்பியைப் பார்த்தேன். அவன் கழுத்து தானாக முன்னால் நீண்டது. கட்டைவிரல் முழங்காலில் தேய்ந்துகொண்டிருந்தது.

"எறங்கிடலாம்க்கா."

வீடு எங்கேயோ இருக்கிறது. நாள் முழுக்க நின்ற கால் எனக்கு விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் எழுந்து மணியை அடித்தேன்.

இறங்கியதும் விறுவிறுவென்று நடந்தான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி வந்து என் தோளிலிருந்த பையை வாங்கப் பார்த்தான். போன் அதில்தான் இருக்கிறது என்று ஞாபகம் வந்ததுபோல, நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். என் பக்கத்திலேயே மெதுவாக நடந்தான். பின்னால் அடுத்த பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவன் கை காட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, அதற்கு வழி விட்டான்.